மின்சார, பெட்ரோல் மகிழுந்துகளின் ஓட்டச் செலவு: அமெரிக்க வரலாறு

மகிழுந்தை வாங்கிய பின் அதை ஓட்டுவதற்குத் தொடர்ந்து ஆகும் செலவு ஓட்டச் செலவு எனப்படும். எரிபொருள் அல்லது மின்சாரம், பழுதுபார்ப்பு, தேய்ந்த உறுப்புகளை மாற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். மின்சார வண்டியையும் பெட்ரோல் வண்டியையும் இவ்வாறு ஒப்பிடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் இருந்தது.

தொடக்க நிலை

1900 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டில் உற்பத்தியான 4,192 வண்டிகளில் 1,681 நீராவியாலும் 1,575 மின்சாரத்தாலும் 936 பெட்ரோலாலும் இயங்கின. மின்சார வண்டியில் புகையும் இரைச்சலும் இல்லை. அதைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டியதில்லை. இயங்கும் உறுப்புகள் குறைவு என்பதால் பராமரிப்பும் எளிது. ஆனால் அதன் மின்கலம் நாளடைவில் வலுவிழந்தது. புதிய மின்கலத்தின் விலையைச் சேர்க்காமல் மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் கணக்கு முழுமையாகாது.

ஹார்ட்ஃபோர்ட் திட்டம்

கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் மின்விளக்கு நிறுவனம் இதற்கு ஒரு தீர்வு கண்டது. அதன் திட்டத்தில் வாடிக்கையாளர் மின்கலம் இல்லாமல் மின்சாரச் சரக்கு வண்டியை வாங்கினார். பிறகு மாதக் கட்டணமும், ஓடிய மைல்களுக்கேற்ற கட்டணமும் செலுத்தினார். நிறுவனம் தீர்ந்த மின்கலத்தை எடுத்துக்கொண்டு, மின்னேற்றிய மின்கலத்தைப் பொருத்தியது. இதனால் மின்கலத்தின் விலை, வண்டியின் விலையிலிருந்து நீங்கி ஓட்டச் செலவில் சேர்ந்தது. 1924 வரை நடந்த இத்திட்டத்தில் வண்டிகள் 60 லட்சம் மைல்களுக்கு மேல் ஓடின.

பெட்ரோல் வண்டியின் எழுச்சி

1901 இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்பிண்டில்டாப்பில் பெரும் எண்ணெய் ஊற்று வெளிப்பட்டது. அதன்பின் எண்ணெய் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தது. 1912 இல் சார்லசு கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றதால், கைப்பிடி சுழற்றும் தொல்லையும் நீங்கியது. 1908 இல் சுமார் 850 டாலராக இருந்த ஃபோர்டு டி மாதிரியின் விலை, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1930களின் நடுவிலும் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் சுமார் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. மற்றவர்களால் வீட்டில் மின்னேற்ற இயலாது.

முக்கியத்துவம்

வாங்கும் விலை, மின்கலத்தின் ஆயுள், மின்னேற்றும் வசதி ஆகியவற்றை விடுத்து, எரிபொருளையும் மின்கட்டணத்தையும் மட்டும் வைத்து எந்த வண்டி மலிவானது என்று கூற முடியாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. மின்கலத்தை வாடகைக்குத் தந்து, ஓடிய தொலைவுக்கேற்பக் கட்டணம் பெறும் இன்றைய திட்டங்கள் ஹார்ட்ஃபோர்ட் முறையை ஒத்தவை.