முதிர்ச்சியும் பயிற்சியும்: இரு இரட்டையர் ஆய்வுகள்

குழந்தையின் உடற்றிறன் முதிர்ச்சியால் வருவதா, பயிற்சியால் வருவதா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க உளவியலாளரிடையே கூர்மையுற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் ஆணல்ட் கெசெலும் ஹெலன் தொம்சனும் இரட்டைப் பெண்குழந்தைகளுள் ஒன்றிற்கு 46ஆம் வாரந்தொட்டு ஆறு வாரங்கள் படியேறப் பயிற்சியளித்தனர். மற்றையது 53ஆம் வாரத்திலேயே பயிற்சியைத் தொடங்கியது. இரண்டே வாரங்களில் முன்னையதற்கு ஈடாயிற்று. 1929இல் வெளியான இம்முடிவு, காத்திருப்பதே தக்கது என்னும் கொள்கைக்கு அரணாயிற்று.

ஆயின், காத்திருத்தல் கைகட்டியிருத்தலாகிவிடலாகாதன்றோ? நியூயோர்க்கில் மேர்ட்டில் மக்கிரோ, ஜோனி, ஜிம்மி என்னும் இரட்டையருள் ஜோனிக்கு மட்டும் நீந்தவும், செங்குத்தான சாய்தளங்களில் ஏறவும், சில்லுச் சப்பாத்தணிந்து ஓடவும் மிக இளவயதிலேயே பயிற்சியளித்தார். 1935இல் வெளிவந்த அவரது நூல் ஒரே விடையைத் தரவில்லை. நடத்தல் பயிற்சியால் விரைவுபடவில்லை. நீச்சலிலும் ஏறுதலிலும் ஜோனி பெரிதும் முன்னேறினான். முச்சக்கர வண்டியோ பதினோராம் மாதத்திற் தொடங்கியும் பல மாதங்கள் அவனுக்கு வசப்படவில்லை. திறனுக்குத் திறன் காலம் வேறுபடும் என்பதே மக்கிரோ கண்டது. அவ்விருவரும் ஒருகரு இரட்டையரல்லர் எனப் பின்னர் அறியப்பட்டமை ஒப்பீட்டின் வலுவைக் குறைத்தது உண்மையே. எனினும் அக்கண்டுபிடிப்பு அதனாற் பொய்யாகிவிடவில்லை.

1946இல் புடாபெஸ்ற் நகரிற் குழந்தைகள் இல்லமொன்றை நிறுவிய மருத்துவர் எம்மி பிக்லர் வேறொரு வழியை மேற்கொண்டார். தானாக எட்டாத நிலையிற் குழந்தையை இருத்துவதும், கைப்பிடித்து நடத்துவதும் அங்கு தவிர்க்கப்பட்டன. தவழ்ந்தும் ஏறியும் பழகுதற்கான இடத்தையும் மரச்சட்டங்களையும் வளர்ந்தோர் அமைத்தனர். ஏறும் வேளையைக் குழந்தையே தெரிந்துகொண்டது.