பக்கத்து வீட்டு வைஃபையும் ஒரு கடற்படைக்காரரும்

எங்கள் ஊர் தங்கச்சிமடம். பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிறது. மீனுக்கும் மல்லிகை நாற்றுக்கும் பேர் போன ஊர். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு சண்டை வந்தது. காரணம் மீனும் இல்லை, மல்லிகையும் இல்லை. வைஃபை!

எனக்கு ஆன்லைனில் ஒரு தேர்வு. பாதியில் இணைப்பு படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா புதிதாகப் பெரிய ரூட்டர் வாங்கி வைத்திருந்தார். "உங்க ரூட்டர் வந்ததிலிருந்துதான் இப்படி"ன்னு எங்கள் அம்மா சொல்ல, "உங்களோடதாலதான் எங்க வீட்டு டிவி சுத்திக்கிட்டே நிக்குது"ன்னு அவர் சொல்ல... விடுங்கள். போனில் பார்த்தால் தெருவில் முக்கால்வாசி ரூட்டர்கள் 6-ஆம் சேனலில் உட்கார்ந்திருந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். வீடுகளோ முப்பது. இதற்கு என்னதான் வழி என்று தேடப் போய்க் கிடைத்த சரித்திரம்தான் இது.

முதலில் ஒரு தீவுக் கதை. 1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் குழுவினரும் தீவுகளை ரேடியோ மூலம் கணினியோடு இணைத்தார்கள். பெயர் அலோஹாநெட். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல், மறுபடி அனுப்பு. 1997-ல் வந்த முதல் வைஃபை தரம் இதை இன்னும் பதவிசாக்கியது: பேசும் முன் காது கொடு, யாராவது பேசினால் பொறுத்திரு.

இது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதே இல்லை. இந்தக் கடலில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று பல வருஷமாக ஒரு ஏற்பாடு உண்டு. வலை சிக்காமல் இருக்க முறை வைத்துப் போவது. வைஃபையும் அதையேதான் செய்கிறது. ஆனால் முறை வைத்தால் ஒருவர் போகும்போது இன்னொருவர் கரையில் சும்மா இருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு பேரும் போய், வலையும் சிக்காமல் வர முடியுமா?

முடியும், அலையைத் திசை பார்த்து அனுப்பினால். 1980-களில் இந்தப் பக்கம் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்த கதையை அப்பா சொல்வார். மீன் முள் மாதிரி இருக்குமே, அந்த ஆன்டெனா 1926-ல் ஜப்பானில் உதாவும் யாகியும் கண்டுபிடித்தது. அதைக் கையால் திருப்ப வேண்டும். கை வைக்காமல் திருப்பும் யோசனை அதற்கும் பழசு. 1905-லேயே ஜெர்மானியர் பிரவுன் மூன்று ஆன்டெனாக்களை வைத்து, ஒன்றில் மட்டும் அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, ஒரு திசையில் பலமாகவும் எதிர்த்திசையில் பலவீனமாகவும் அனுப்பிக் காட்டினார். குளத்தில் இரண்டு கல் எறிந்தால் சில இடத்தில் அலை உயரும், சில இடத்தில் தண்ணீர் ஆடாமல் நிற்கும் இல்லையா? அதேதான். இதற்குத்தான் பீம்ஃபார்மிங் என்று பேர்.

இனிதான் நம்ம ஊர்க்காரர் வருகிறார். ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்தவர், இந்தியக் கடற்படை அதிகாரி. 1971 டிசம்பர் 9-ஆம் தேதி டையூ அருகே ஐ.என்.எஸ். குக்ரி போர்க்கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் திரும்பவில்லை. நீருக்கடியில் எதிரி எங்கே என்று கேட்கும் சோனார் கருவி போதாது என்பது ரத்தத்தில் எழுதிய பாடமானது. பிரிட்டனில் செய்த அந்தச் சோனாரை மேம்படுத்தும் வேலை பால்ராஜிடம் வந்தது. பிறகு கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வகத்தில் அவர் தலைமையில் 'அப்சோ' என்ற சோனாரை இந்தியாவிலேயே உருவாக்கினார்கள். பல காதுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் விழும் ஒலியின் தாமதத்தைச் சரிக்கட்டி, ஒரு திசையை மட்டும் கூர்ந்து கேட்பதுதான் அதன் உயிர். கடலில் ஒலி, வீட்டில் ரேடியோ அலை, கணக்கு ஒன்றுதான்.

1991-ல் ஸ்டான்ஃபோர்டு போனவர், ஒரே அலைவரிசையில் பல ஆன்டெனாக்கள் வழியே பல தகவல் ஓடைகளை அனுப்பலாம் என்ற யோசனைக்கு, தாமஸ் கைலாத்துடன் 1992-ல் காப்புரிமை கேட்டார், 1994-ல் கிடைத்தது. இதுதான் மைமோ. 2009-ல் வந்த 802.11என் தரம் வழியாக அது வீட்டு வைஃபைக்குள் நுழைந்தது. பால்ராஜுக்கு 2014-ல் மார்கோனி பரிசும் கிடைத்தது.

சரி, அக்கா வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். 2013-ன் 802.11ஏசி தரத்தில் ரூட்டர் ஒரு சோதனை அலையை அனுப்பும். போன் அது எப்படி வந்து சேர்ந்தது என்று பதில் சொல்லும். அதை வைத்து ரூட்டர் அலையைப் போன் பக்கம் குவிக்கும். ஆனால் அது தன் வீட்டுப் போனை மட்டும்தான் பார்க்கும். அடுத்த படி என்னவென்றால், எங்கள் ரூட்டர் அக்கா வீட்டுப் போனிடமும் பதில் கேட்டு வாங்கி, அந்த இடத்தில் மட்டும் தன் அலை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அனுப்புவது. அக்கா ரூட்டரும் எங்களுக்கு அப்படியே செய்தால், இரண்டு வீடும் ஒரே நேரத்தில், ஒரே சேனலில்! இதுதான் ஒருங்கிணைந்த பீம்ஃபார்மிங். வைஃபை 8 என்று சொல்லப்படும் 802.11பிஎன் தரத்துக்காக இதைத்தான் தயார் செய்கிறார்கள்.

சிக்கலும் உண்டு. 4 ஆன்டெனா இருந்தால், அனுப்பும் ஓடைகளும் அமைதிப்படுத்தும் இடங்களும் சேர்ந்து அந்த நான்குக்குள் அடங்க வேண்டும். யாராவது குறுக்கே நடந்தால் பழைய அளவு பொய்யாகிவிடும், மறுபடி அளக்க வேண்டும். இரண்டு ரூட்டரும் ஒரே கணத்தில் தொடங்க ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ஒருவர் மட்டும் அடம்பிடித்தால் இது நடக்காது.

அதுவரைக்கும்? நானும் அக்காவும் உட்கார்ந்து பேசினோம். அவர் 1-ஆம் சேனல், நாங்கள் 11. எதிர் வீட்டு மாமா 6-லேயே இருக்கட்டும் என்று விட்டோம். எங்கள் மூன்று வீட்டுக்குள் மோதல் இப்போது இல்லை. யோசித்துப் பார்த்தால் இத்தனை வருஷக் கணக்கும் கடைசியில் ரூட்டர்களுக்குச் சொல்லித் தருவது இதைத்தான்: கத்துவதை நிறுத்து, பக்கத்து வீட்டைக் கேள்.