குட்டி லயன்ஃபிஷ் வாங்கப் போறீங்களா? விஷ முள்ளை விட பெரிய பிரச்சனை அதன் சாப்பாடு!

உடம்பு முழுக்க வரிகள், விசிறி மாதிரி விரியும் துடுப்புகள், தொட்டிக்குள் அவசரமே இல்லாமல் மிதந்து வரும் தோரணை... கடல் மீன் விற்கும் கடைகளில் லயன்ஃபிஷ் இருக்கும் தொட்டி முன்னால் எப்போதும் நாலு பேர் செல்போனோடு நிற்பார்கள். தமிழில் 'சிங்க மீன்' என்று சொல்லப்படும் இதில் பெரிய வகை ஒன்றேகால் அடி வரை வளரும். அதற்கு வீட்டில் இடம் கிடையாது என்பவர்களுக்கு கடைக்காரர் கைகாட்டுவது, உள்ளங்கையில் அடங்கும் 'ட்வார்ஃப் லயன்ஃபிஷ்' எனும் குட்டி வகையை.

அதைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "கொட்டுமாமே, ஆளைக் கொன்னுடுமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா வீட்டுக்கு வந்த பிறகு பல லயன்ஃபிஷ்கள் சாவதற்குக் காரணம் பட்டினி. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

குட்டி லயன்ஃபிஷ் என்றால் என்ன?

லயன்ஃபிஷ்கள் தேள் மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியப் பெருங்கடல், மேற்கு பசிபிக் பகுதிகளின் பவளப்பாறைகள்தான் அவற்றின் சொந்த ஊர். நம்ம மன்னார் வளைகுடாவிலும் லயன்ஃபிஷ்கள் உண்டு. பெரிய வகைகளுக்கு 'டெரோயிஸ்' என்று அறிவியல் பெயர். குட்டி வகைகள் 'டெண்ட்ரோகைரஸ்' என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டவை.

கடைகளில் பொதுவாகக் கிடைப்பவை மூன்று. உடலில் பஞ்சு ஒட்டியது போல இருக்கும் 'ஃபஸி' வகை சுமார் 17 சென்டிமீட்டர் வரை வளரும். 'ஸீப்ரா' வகை அதை விட கொஞ்சம் பெரிது. மூன்றாவது 'ஃபூ மஞ்சு'. முகத்தில் இரண்டு மீசை, முதுகுத் துடுப்பில் கண் போல இரண்டு புள்ளிகள், அளவு 13 சென்டிமீட்டர்தான். பார்க்க இதுதான் அழகு, வளர்க்க இதுதான் கஷ்டம். முதல் முறை வளர்ப்பவர்களுக்கு ஃபஸி வகையே ஏற்றது.

இதில் ஒரு ஏமாற்று வேலைக்கும் வாய்ப்பு இருக்கிறது. பெரிய லயன்ஃபிஷ்ஷின் குஞ்சும் ஐந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். அதை 'குட்டி வகை' என்று விற்றால் கண்டுபிடிப்பது எப்படி? பக்கவாட்டுத் துடுப்பைப் பாருங்கள். பெரிய வகையில் துடுப்பின் கதிர்கள் தனித்தனி இறகுகள் போல நீண்டு பிரிந்து நிற்கும். குட்டி வகையில் கதிர்களுக்கு நடுவே சவ்வு இருப்பதால், ஒரே விசிறியாகத் தெரியும்.

விஷம் எவ்வளவு ஆபத்து?

லயன்ஃபிஷ்ஷின் முதுகில் 13 முட்கள், வயிற்றுத் துடுப்புகளில் 2, குதத் துடுப்பில் 3 என மொத்தம் 18 விஷ முட்கள். எல்லோரும் பயப்படும் அந்தப் பெரிய விசிறித் துடுப்பில் விஷம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு விஷ முள்ளின் பள்ளத்திலும் விஷச் சுரப்பித் திசு இருக்கும், மேலே மெல்லிய தோல் உறை. முள் குத்தும் அழுத்தத்தில் உறை பின்னால் தள்ளப்பட, விஷம் காயத்துக்குள் இறங்குகிறது. பாம்பு போல விஷத்தைப் பீய்ச்சும் ஏற்பாடு இதற்குக் கிடையாது. தேடி வந்து கொட்டும் பழக்கமும் இல்லை. பெரும்பாலும் தொட்டியைச் சுத்தம் செய்யும்போதும், மீனைப் பிடித்து இடம் மாற்றும்போதும்தான் கையில் குத்துகிறது.

குத்தினால் வலி கடுமையாக இருக்கும். வீக்கம், குமட்டல், தலைசுற்றல் வரலாம். ஆரோக்கியமான ஒருவரின் உயிருக்கு ஆபத்து ஏற்படுவது மிக அரிது. ஆனால் ஒவ்வாமை உள்ளவர்கள், இதய நோயாளிகள், குழந்தைகள் விஷயத்தில் ரிஸ்க் எடுக்கக் கூடாது.

முதலுதவி சுடுதண்ணீர்தான். இந்த விஷம் புரதத்தால் ஆனது, சூட்டில் சிதையும். உடைந்த முள் துண்டு வெளியே தெரிந்தால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில், அதாவது 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத தண்ணீரில், 30 முதல் 90 நிமிடம் வரை காயத்தை மூழ்கி வைக்க வேண்டும். சூடு சரியா என்று கொட்டுப்படாத கையால் பாருங்கள். கொட்டுப்பட்ட கைக்கு உணர்வு தடுமாறும், வலியோடு வெந்தும் போய்விடும். ஐஸ் வைப்பது, காயத்தைக் கீறுவது, கயிறு கட்டுவது, மஞ்சள் சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வேண்டாம். வலி குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் டிடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், மயக்கம் இருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொன்று, வலையில் இதைப் பிடிக்காதீர்கள். முட்கள் வலையில் சிக்கிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது விரலில் ஏறும். தண்ணீருக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டி எடுப்பதுதான் மீனுக்கும் ஆளுக்கும் நல்லது.

உயிரோட இருந்தாத்தான் சாப்பிடுமா?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கடையில் இருக்கும் லயன்ஃபிஷ்கள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. பகலில் பாறை இடுக்கில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, இருட்டும் நேரத்தில் இறால், நண்டு, சின்ன மீன்களை மூலையில் மடக்கி, ஒரே உறிஞ்சில் விழுங்கிப் பழகியவை. அசைவதுதான் உணவு என்பது அவற்றின் கணக்கு. மற்ற மீன்களுக்குப் போடும் குச்சித் தீனியைத் தூவினால் அது கண்ணுக்கு முன்னால் விழுந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

இது சில வாரங்கள் சாப்பிடாமலும் தாங்கும். அதுதான் வளர்ப்பவரை ஏமாற்றுகிறது. 'புது இடம், பழகட்டும்' என்று விட்டுவிடுவார்கள். மீனும் வழக்கம்போல அழகாகவே நிற்கும். வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை ஒட்டிப் போவதைக் கவனிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அதனால் காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: "என் கண்ணு முன்னாடி இதுக்கு சாப்பாடு போடுங்க." செத்த இறாலை எடுத்துச் சாப்பிட்டால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது. உயிருள்ளதை மட்டும் சாப்பிட்டால், பழக்க வேண்டியது உங்கள் வேலை. எதையுமே தொடவில்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது. தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு என்பதால், அப்படிப் பாதிக்கப்பட்ட மீனாகவும் அது இருக்கலாம்.

பழக்குவது எப்படி? முதல் சில நாட்கள் உயிருள்ள சின்ன இறால்களை விட்டு, மீன் தைரியமாக வேட்டையாடும் வரை பொறுக்க வேண்டும். பிறகு நீளமான, நிறமில்லாத பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் தோல் உரித்த பச்சை இறால் துண்டைக் குத்தி, விளக்கைக் குறைத்துவிட்டு, மீனின் முகத்துக்கு முன்னால் மெதுவாக ஆட்ட வேண்டும். உயிருள்ள இறால் நீந்துவது போல இருக்க வேண்டும், மூக்கில் இடிக்கக் கூடாது. முதல் நாள் பார்க்கும், மறுநாள் பின்வாங்கும், ஒருநாள் 'லபக்' என்று இழுத்துவிடும். சிலவற்றுக்கு மூன்று நாள் போதும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். குச்சிக்குப் பழகிவிட்டால் நீங்கள் அறைக்குள் வந்ததுமே கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த நேரத்திலும் கையால் ஊட்ட ஆசைப்படாதீர்கள்.

உயிருள்ள தீனிதான் வேண்டும் என்று மலிவாகக் கிடைக்கும் தங்க மீன் குஞ்சுகளைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். இது மெல்லக் கொல்லும் பழக்கம். தங்க மீனில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி, வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். கடல் மீனுக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களும் அதில் போதாது. அவசரத்துக்கு உப்புத் தண்ணீரில் பழக்கப்பட்ட மோலி மீன் பரவாயில்லை. நிரந்தரமாக இறால், கணவாய், கடல் மீன் துண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதே சரி. வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு, மூன்று முறை போதும். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் கல்லீரலில் கொழுப்பு சேரும்.

தொட்டி, உப்பு, கரண்ட்

ஒரு மீனுக்குக் குறைந்தது 120 லிட்டர் தொட்டி வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 180 லிட்டர் பிடிக்கும். அது இன்னும் வசதி. தண்ணீர் மட்டுமே 180 கிலோ என்பதால், டிவி ஸ்டாண்டில் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

சமையல் உப்பு உதவாது. கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையை, லிட்டருக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் வீதம் ஆர்ஓ தண்ணீரில் கரைக்க வேண்டும். அந்த மூன்றடி தொட்டிக்கு முதல் முறையே ஆறு கிலோவுக்கு மேல் உப்பு போகும். கரையோரக் கடல் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து அப்படியே ஊற்றினால் கழிவுநீரும் சேர்ந்து வரும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது உப்புத் தண்ணீர் ஊற்றுவது புதியவர்கள் செய்யும் தவறு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

தொட்டி வைத்த அன்றே மீன் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் என்று பரிசோதனை காட்டிய பிறகே மீன். மாமிசம் தின்னும் மீன் என்பதால் கழிவு அதிகம், 'புரோட்டீன் ஸ்கிம்மர்' கருவி கிட்டத்தட்ட கட்டாயம்.

தமிழ்நாட்டில் பெரிய தலைவலி சூடு. இந்த மீனுக்கு 24 முதல் 27 டிகிரி வரை வேண்டும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 30-ஐ எளிதில் தாண்டும், சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறையும். சில்லர் வாங்கினால் அதன் விலை மீனின் விலையைத் தாண்டிவிடும், கரண்ட் பில் தனி. பவர்கட் ஆனால் மோட்டார் நின்றுவிடும் என்பதால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

ஒளிந்துகொள்ளக் குகை போன்ற இடம் அவசியம். அதற்கு செராமிக் அல்லது செயற்கைக் கல் போதும். பவளப்பாறைத் துண்டுகளை யாராவது 'ஒரிஜினல் ராக்' என்று விற்றால் வாங்காதீர்கள். பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, வாங்குபவர் மீதும் வழக்கு பாயும்.

கூட யாரை விடலாம்?

வாயில் நுழையும் எதுவும் சாப்பாடுதான். 'நீமோ' பார்த்த பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் சின்ன க்ளௌன் மீனும் இதில் சேர்த்தி. மறுபக்கம், துடுப்பைக் கடிக்கும் ட்ரிகர் மீன்களோடு விட்டால் லயன்ஃபிஷ்தான் பாவம். தனியாக வைப்பதில் தப்பே இல்லை. அவ்வப்போது மேல்தோல் படலம் உரிந்து தண்ணீரில் மிதக்கும், அது இயல்புதான், பயப்பட வேண்டாம்.

முடியலைன்னா கடல்ல விட்டுடலாமா?

கூடவே கூடாது. இதற்கு அமெரிக்கா அனுபவித்துக்கொண்டிருக்கிறது. 1985-இல் ஃபுளோரிடாவின் டேனியா கடற்கரைப் பகுதியில் முதன்முதலாக லயன்ஃபிஷ் பதிவானது. வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்டதுதான் தொடக்கம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவிவிட்டது. பஹாமாஸில் நடந்த ஓர் ஆய்வில், பாறையில் ஒரு லயன்ஃபிஷ் இருந்தால் அங்கே புதிதாக வந்து சேரும் உள்ளூர் மீன்குஞ்சுகள் ஐந்தே வாரத்தில் 79 சதவீதம் குறைந்தது 2008-இல் தெரியவந்தது. அங்கே வில்லன் பெரிய வகைதான், குட்டி வகை அல்ல. நம் கடலில் லயன்ஃபிஷ்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்றாலும், வேறு நாட்டிலிருந்து வந்து, வேறு மீன்களோடு தொட்டியில் இருந்த ஒன்றை விட்டால், அதன் நோயும் ஒட்டுண்ணியும் கூடவே போகும். வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. சென்னை கொளத்தூர் போல கடைகள் நெருக்கமாக உள்ள இடங்களில் வேறு யாராவது வாங்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

மீன் இறந்துவிட்டாலும் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. செத்த மீனின் முள்ளிலும் விஷம் வேலை செய்யும். இடுக்கியால் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடி ஒட்டி, மேலே 'விஷ முள்' என்று எழுதிக் குப்பையில் சேர்க்க வேண்டும். சும்மா கேரி பேக்கில் சுற்றிப் போட்டால், மறுநாள் காலையில் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும்.