தேய்மானக் கணக்கில் அடங்காத படங்கள்

எங்கள் வங்கிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆயுள் மூன்றே வருஷம். ஆண்டுக்கு 33.33 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால் மூன்றாம் வருஷக் கடைசியில் மதிப்பு பூஜ்யம். (பெட்டி அதற்குப் பிறகும் முனகிக்கொண்டு ஓடும், அது தனிக்கதை.) பி.காம் படித்த புத்தியோ என்னவோ, பழைய வீடியோ கேம்களைப் பார்த்தாலும் எனக்குத் தேய்மானம்தான் நினைவுக்கு வருகிறது. "அச்சு அசல் நிஜம் மாதிரியே இருக்கு" என்று வந்த நாளில் கொண்டாடப்பட்ட ஆட்டங்கள் பல, பத்து வருஷத்துக்குள் கண்ணை உறுத்த ஆரம்பித்துவிட்டன. அவற்றைவிட எளிமையாக வந்த சில, முப்பது வருஷம் தாண்டியும் கெட்டுப்போகவில்லை. இது எப்படி என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் சாட்சி, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 90-களில் டாஸும் ஃபாக்ஸ்புரோவும் கற்றுக்கொள்கிறேன் என்று வீட்டில் காசு வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன என் வயதுக்காரர்கள் யாரும் இதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளை உடை போட்ட ஒருவன், இருட்டுச் சிறை, கூரான முட்கள், 60 நிமிஷக் கெடு. அவ்வளவுதான். ஆனால் அவன் ஓடுவதும், விளிம்பைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுத்துக்கொள்வதும் நிஜ மனிதனைப் போலவே இருக்கும்.

காரணம், அது நிஜ மனிதனேதான்! ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் 1985-ல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி, ஓடவும் தாவவும் ஏறவும் சொல்லி வீடியோ எடுத்தார். பிறகு அதை டி.வி.யில் ஓட்டி, ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி, திரையைக் கேமராவில் புகைப்படம் எடுத்தார். அந்தப் படங்களின் மேல் கறுப்பு மார்க்கராலும் வெள்ளைத் திருத்த மையாலும் உருவத்தின் விளிம்பை மட்டும் எடுத்து, அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். வாள் சண்டைக்கு 1938-ல் வந்த 'ராபின் ஹூட்' சினிமாவின் சண்டைக்காட்சி உதவியது. பின்னணி இசை அவர் அப்பா அமைத்தது. மொத்தத்தில் குடும்பத் தொழில் மாதிரிதான்.

அவர் எழுதியது ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு. 1977-ல் வந்த வரிசை. நினைவகம் மிகச் சிறியது. தம்பியின் ஓட்டமும் தாவலுமே அதை நிரப்பிவிட்டன. எதிரி என்று இன்னொரு உருவத்தை வைக்க இடமே இல்லை. சண்டை இல்லாமல் ஆட்டம் சப்பென்று இருக்கிறதே என்று கூட வேலை பார்த்த தோழி ஒருவர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மெக்னர் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. நாயகனின் அதே படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அதன் மேலேயே போட்டு, இரண்டும் பொருந்துகிற இடத்தை அழித்தார். மிஞ்சியது விளிம்பு மட்டும் மினுங்கும் ஒரு நிழல் மனிதன். கூடுதலாக ஒரு படம்கூடத் தேவைப்படவில்லை! காவலர்களுக்கு இடம் பிடித்தது அதற்கு அப்புறம்தான்.

ஆடியவர்களுக்குத் தெரியும், கண்ணாடிக்குள் பாயும்போது வெளியே வருகிறானே, அவன்தான். நாம் குடிக்க வேண்டிய மருந்தை அவன் குடிப்பான், கதவை மூடி நம்மைக் கீழே தள்ளுவான். கடைசியில் அவனை வெட்டினால் நம் உயிரும் சேர்ந்து குறையும். வாளை உறைக்குள் போட்டால்தான் வந்து நம்மோடு ஒன்றாகிவிடுவான். இடப் பற்றாக்குறையில் பிறந்த பாத்திரம் என்று சொன்னால் நம்ப முடிகிறதா?

1989-ல் ஆட்டம் வெளிவந்தபோது ஆப்பிள் டூ மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. முதலில் விற்பனை படுமோசம். பல வருஷ உழைப்பு அத்தோடு போயிருக்க வேண்டியது. 1990-ல் டாஸுக்கு வந்து, பிறகு மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் போய், ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஓடிய பிறகுதான் பிழைத்தது.

இப்போது அடுத்த சாட்சி, 1992-ல் வந்த மார்ட்டல் காம்பாட். இதற்கும் நடிகர்களை வைத்து வீடியோதான் எடுத்தார்கள். ஆனால் கோடாக மாற்றவில்லை, ஆளின் படத்தையே வெட்டி உள்ளே வைத்தார்கள். அன்றைக்கு ஊரே வாயைப் பிளந்தது. ரத்தக் காட்சிகளுக்காக அமெரிக்க செனட்டில் விசாரணை நடக்கும் அளவுக்கு நிஜமாகத் தெரிந்தது. இன்று பார்த்தால் பத்திரிகையிலிருந்து கத்தரித்த போட்டோக்கள் சண்டை போடுவது மாதிரி இருக்கிறது. (ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆட்டம் நல்ல ஆட்டம்தான்.) இரண்டு பேருமே மனிதனைப் படம் எடுத்தார்கள். ஒருவர் அசைவை எடுத்துக்கொண்டார், மற்றவர்கள் தோலை எடுத்துக்கொண்டார்கள். அதைவிட நல்ல கேமராவும் திரையும் வந்தவுடனே தோல் பழசாகிவிட்டது. மனிதன் ஓடுகிற விதம் மாறவில்லையே!

ஒரு இடைச்செருகல். பழைய ஆட்டங்களை இன்றைய தட்டைத் திரையில் பார்த்துவிட்டு "கட்டம் கட்டமா இருக்கே" என்பது கொஞ்சம் அநியாயம். பழைய குழாய் டி.வி.யில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து தெரியும். 1991-ல் வந்த சோனிக் ஆட்டத்தின் அருவி வெறும் ஒன்றுவிட்டு ஒன்று கோடுகள்தான், பழைய டி.வி.யில் அது ஊடுருவித் தெரியும் தண்ணீராகிவிடும். திரை மாறியதற்குப் படத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

வசதி குறைவாக இருந்ததால்தான் எளிமையாக வரைந்தார்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. நின்டெண்டோவின் செல்டா கதையைப் பாருங்கள். 2000-ல் கேம்கியூப் இயந்திரத்தின் பலத்தைக் காட்ட, நிஜம் போன்ற ஒரு வாள் சண்டையை ஓட்டிக் காட்டினார்கள். ரசிகர்கள் அடுத்த செல்டா அதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். 2001-ல் வந்த முன்னோட்டத்திலோ பெரிய கண்களோடு ஒரு கார்ட்டூன் பையன்! இது குழந்தைகளுக்கான ஆட்டமா என்று ஏகப்பட்ட வசை. 2002 டிசம்பரில் ஜப்பானில் 'விண்ட் வேக்கர்' என்று வந்தது. அந்தப் பெரிய கண்களுக்கு வேலை இருந்தது. பையன் எதைத் திரும்பிப் பார்க்கிறானோ அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஆடுபவருக்குக் குறிப்பு.

கேட்டவர்களுக்காகவே 2006-ல் நிஜத்துக்கு நெருக்கமாக 'ட்வைலைட் பிரின்சஸ்' வந்தது. இன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பின்னால் வந்ததுதான் எனக்கு மங்கிப்போய்த் தெரிகிறது. இங்கே நாக்பூரில் பத்தாவது படிக்கும் என் மகனிடம் எது புதுசு என்று கேட்டுப் பார்த்தேன். யோசிக்காமல் விண்ட் வேக்கரைக் காட்டினான்.

மறுபடி மெக்னருக்கு வருகிறேன். ஆப்பிள் டூவுக்கு எழுதிய மூல நிரல் எங்கோ தொலைந்துவிட்டது என்றே அவர் பல வருஷமாக நினைத்திருந்தார். 2012-ல் அவர் அப்பா வீட்டு அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பெட்டி நிறைய பழைய ஃப்ளாப்பிகள் கிடைத்தன. அதே அப்பா, இசை அமைத்தவர்! ஃப்ளாப்பியில் இருக்கும் காந்தப் பதிவு இருபது வருஷம் தாங்குவதே பெரிய விஷயம். விவரம் தெரிந்தவர்கள் கூடி உட்கார்ந்து படித்து எடுத்தார்கள். அந்த ஏப்ரலிலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று கிட்ஹப் தளத்தில் போட்டுவிட்டார். நானும் திறந்து பார்த்தேன். முழுக்க அசெம்பிளி மொழி, எனக்கு ஒரு வரி புரியவில்லை. மகன் மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.