எண்ணுக்கும் ஒரு முகவரி

1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினியில் ஒரு மாறிலியைக் கூட்ட வேண்டுமானால், அது முன்கூட்டியே நினைவகத்திலோ மற்றொரு பதிவகத்திலோ இருந்தாக வேண்டும். கட்டளைக்குள்ளேயே மதிப்பை எழுதும் வசதி ஒற்றை பைட்டைக் கையாளும் சில கட்டளைகளுக்கு மட்டுமே இருந்தது. முகவரி கணக்கிடுவதற்கான எல்ஏ கட்டளையைக் கொண்டு 4,095 வரையான எண்களைப் பதிவகத்தில் ஏற்றுவது நிரலர்களின் குறுக்குவழி.

மற்ற மாறிலிகளுக்கு வேறு வழி: நிரலில் சமக்குறியிட்டு மதிப்பை எழுதினால் அது லிட்டரல். நிரலைக் கணினிக் கட்டளைகளாக மாற்றும் அசெம்பிளர், லிட்டரல்களைத் திரட்டி நினைவகத்தில் ஒரு தொகுப்பாக வைக்கும். அந்தத் தொகுப்பு எங்கே போய் விழுகிறது என்பதில்தான் தொல்லை. முகவரிக் கணக்கின் தொடக்கப்புள்ளியைத் தாங்கும் அடிப்படைப் பதிவகம் காட்டும் இடத்திலிருந்து 4,096 பைட்டுக்கு அப்பால் கட்டளைக்கு எட்டாது. தொகுப்பை எங்கே வைப்பது என்று அசெம்பிளருக்குச் சொல்லும் எல்டோர்க் ஆணை இல்லையென்றால் தொகுப்பு முதல் நிரல்பகுதியின் கடைசிக்குப் போய்விடும். இரண்டாம் பகுதியில் எழுதிய லிட்டரலும் அங்கேதான். ஒழுங்காக ஓடிய நிரலில் சில வரிகள் சேர்த்ததும் தொகுப்பு தள்ளிப்போய், கை வைக்காத வேறொரு வரியில் முகவரிப் பிழை முளைக்கும். அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் குற்றம் தெரியாது. எல்டோர்க்கைக் கட்டளைகளுக்கு நடுவே வைத்தாலோ, அங்கே விழும் தொகுப்பைத் தாண்டிச் செல்லும் கிளைக்கட்டளையும் தேவை. மறந்தால் கணினி தரவையே கட்டளையாக இயக்கப் பார்க்கும்.

1990-களில் சிஸ்டம்/360-இன் வழிவந்த கணினிகளில் 16 பிட் மாறிலியைத் தன்னுள் சுமக்கும் எல்எச்ஐ போன்ற கட்டளைகள் வந்தன. 2005-இல் வந்த இசட்9 கணினி 32 பிட் மாறிலிகளுக்கும் இடம் தந்தது. நீண்ட எழுத்துச் சரங்கள் இன்றும் நினைவகத்தில்தான் இருக்கின்றன.