ஸ்போர்ட்ஸ் கார் உரிமையும் பராமரிப்பும்: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம்

ஸ்போர்ட்ஸ் கார் என்பது குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிச் செல்வதைவிட, ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் வேலை கொடுப்பதை முதல் நோக்கமாக வைத்துக் கட்டப்பட்ட கார். தரையை ஒட்டிய உடல்வாகு, பெரும்பாலும் இரண்டே இருக்கை, எடைக்கு மிஞ்சிய இன்ஜின், கெட்டியான சஸ்பென்ஷன், அகல டயர் ஆகியவை இதன் அடையாளங்கள். பக்கவாட்டில் இரண்டு கோடு ஒட்டி, சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டிய ஹேட்ச்பேக்கையும் கடைத்தெருவில் ஸ்போர்ட்ஸ் கார் என்பார்கள். அது இக்கட்டுரையில் சேராது.

திருச்சி மேற்கின் டி.என். 45, ஸ்ரீரங்கத்தின் டி.என். 48, திருச்சி கிழக்கின் டி.என். 81 என்ற மூன்று எண்களில் இம்மாநகரின் கார்கள் பதிவாகின்றன. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுட்கால வரி 20 விழுக்காடு. ஒரு கோடி ரூபாய்க் காருக்குக் கட்டும் வரியில் இன்னொரு நல்ல காரே வாங்கிவிடலாம். ஆனால் வாங்கும் செலவு ஒருமுறையோடு போய்விடும். திருச்சிக்காரரை விடாமல் துரத்துவது சர்வீஸ் சென்டருக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரமும், ஓட்ட இடமில்லாமல் கார் நின்றுகொண்டே இருப்பதும்தான்.

முன்கதை

தமிழ்நாட்டுக்கு ஸ்போர்ட்ஸ் காரோடு உள்ள உறவு, பலர் அறியாத வழியில், ஸ்டாண்டர்டு ஹெரால்டில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கலாட்டி வரைந்த கார் அது. பானட்டும் இரு பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம் என்பது பழைய மெக்கானிக்குகள் அந்தக் காருக்குக் கொடுத்த நற்சான்று. அதே ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட ஹெரால்டுகளுக்கு இங்கிலாந்தில் இப்படியொரு துடுக்கான தம்பி இருந்தான்.

ஹெரால்டின் பின்சக்கர அமைப்பு 'ஸ்விங் ஆக்சில்' வகை. வேகமாக வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கிக் காரைத் தூக்கிவிடக்கூடிய குணம் அதற்கு உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து அடுத்த மாடலாக வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் அதை எடுத்துவிட்டு, ஒரே தண்டாக இருக்கும் நேர் ஆக்சிலைப் போட்டார்கள். குறை இருந்தால் அடுத்த மாடலில் சரிசெய்துகொள்வது என்பதே அன்றைய வழக்கம். ஏற்கெனவே வாங்கியவர் வாங்கியதை ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களும், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும், 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடமும், கோவையில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டிய கரிவரதனின் பட்டறையும் மாநிலத்தில் வேகக்கார் பண்பாட்டை வளர்த்தன. கோவைக்கும் சென்னைக்கும் நடுவே இருந்தும் திருச்சி இந்த வரிசையில் சேரவில்லை. இங்கே பெருந்தொழில் பாய்லரும் ரயிலும். பொன்மலைப் பணிமனையும் பெல் நிறுவனமும் வளர்த்த கடைசல், வெல்டிங் கைகள் ஏராளம். மேற்கே கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரி பாடி. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்ட மென்பொருளும் அந்தந்தக் கார்க் கம்பெனி கொடுக்கும் தனிக்கருவிகளும் வேண்டும். திறமை மட்டும் போதாது.

ரீகால்

பத்திரிகைகள் 'திரும்பப் பெறுதல்' என்று எழுதுகின்றன. அதைப் படித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார்களோ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நடைமுறையில் ரீகால் என்பது, தயாரிப்பிலேயே உள்ள குறையைக் கம்பெனி தன் செலவில் சரிசெய்து காரைத் திருப்பித் தருவது. பல சமயம் ஒரு மூடி, ஒரு ரப்பர் குழாய், ஒரு மென்பொருள் மாற்றம் என்று அரைநாளில் முடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டதும் ஸ்போர்ட்ஸ் சாயல் கொண்ட ஒரு கார்தான். அமெரிக்காவில் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் கார்களின் பாதுகாப்பின்மை பற்றி 1965இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயம், பின்பக்கம் இன்ஜின் வைத்த செவர்லே கார்வேரைப் பற்றியது. அங்கும் குற்றவாளி ஸ்விங் ஆக்சில். நம் ஹெரால்டுக்கு இருந்த அதே நோய். மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ரீகால் அங்கே சட்டக் கடமையானது அந்த வழியில்தான்.

இந்தியாவில் 2012 வரை எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. அந்த ஆண்டு வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், உறுப்பினர்கள் தாமாக முன்வந்து கடைப்பிடிக்கும் நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. 2013இல் ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகரில் தயாரித்த ஃபிகோ, கிளாசிக் கார்களில் 1,66,021ஐப் பின்பக்க சஸ்பென்ஷன் பாகத்துக்காகவும் பவர் ஸ்டியரிங் குழாய்க்காகவும் அழைத்தது, அப்படித் தானாக முன்வந்ததுதான். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவைச் சேர்த்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனத்தில் பாதுகாப்புக் குறை இருந்தால், அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். வாகன எண்ணிக்கையையும் வகையையும் பொறுத்து 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். எத்தனை புகார் வந்தால் அரசு விசாரிக்கும் என்பது அந்த மாடலின் ஆண்டு விற்பனையைப் பொறுத்தது.

விலை கூடினால் குறை குறையும் என்ற நம்பிக்கைக்கு ஸ்போர்ட்ஸ் கார் வரலாறு இடம் தருவதில்லை. 2010இல் ஃபெராரி தன் 458 இத்தாலியா கார்கள் 1,248ஐத் திரும்ப அழைத்தது. சக்கர வளைவின் உட்பக்கத்தில் வெப்பத் தகட்டை ஒட்டியிருந்த பசை சூடேறித் தீப்பிடித்ததே காரணம். பசைக்குப் பதிலாக ஆணி வகைப் பிணைப்பு போட்டார்கள். 2014இல் போர்ஷே, 911 ஜி.டி.3 மாடலின் 785 கார்களுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது. கனெக்டிங் ராடைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து இரண்டு கார்கள் எரிந்த பிறகு எடுத்த முடிவு அது. 2022இல் மறுபடி ஃபெராரி: பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் காற்று சரியாகப் போகாமல் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஆயில் கசியக்கூடும் என்பதற்காக அமெரிக்காவில் மட்டும் 23,000க்கும் மேற்பட்ட கார்கள்.

திருச்சிக்கு மிக நெருக்கமான ரீகால் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக். அதன் இன்ஃப்ளேட்டரில் இருந்தது அமோனியம் நைட்ரேட். பல ஆண்டுகள் வெயிலும் ஈரப்பதமும் மாறி மாறித் தாக்கினால் அந்த வேதிப்பொருள் கெட்டு, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து உலோகச் சில்லுகளை முகத்தில் அடிக்கும். அமெரிக்காவில் வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலக் கார்களைத்தான் முதலில் அழைத்தார்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், காவிரியும் கொள்ளிடமும் இருபுறம் ஓடும் தீவு என்று எண்ணிப் பார்த்தால், பழைய கார் வாங்கும் ஸ்ரீரங்கவாசி முதலில் கேட்கவேண்டியது இந்த ஏர்பேக்கைத்தான்.

கேட்பதற்கு வேண்டியது ஒரே ஒரு எண். ஆர்.சி.யில் சேசிஸ் எண் என்று போட்டிருக்கும் 17 இலக்கக் குறியீடு, பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ்மூலையிலும் தெரியும். முதல் மூன்று எழுத்து தயாரித்த நாட்டையும் நிறுவனத்தையும் காட்டும். கடைசி இலக்கங்கள் அந்த ஒரு காருக்கே உரியவை. கம்பெனியின் இணையதளத்தில் இதைப் போட்டால், முடிக்காத ரீகால் இருக்கிறதா என்று தெரியும். ரீகால் கடிதம் கம்பெனிப் பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் போகும். திருச்சியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களை வேறு ஊரிலிருந்து இரண்டாம் கையாக வாங்குவது வழக்கமானது என்பதால், கடிதம் பெங்களூரிலோ மும்பையிலோ பழைய உரிமையாளரின் வாசற்படியில் கிடக்கும். பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தோடு நிறுத்தாமல் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடுவது நல்லது. பலர் இதைச் செய்வதில்லை.

பிறகு சர்வீஸ் சென்டருக்குள்ள தூரம். போர்ஷேக்குச் சென்னை, லம்போர்கினிக்குப் பெங்களூரு. இரண்டுமே 300 கிலோமீட்டருக்கு மேல். ரீகால் வேலைக்குக் கூலி இல்லை என்றாலும், தட்டையான டிரக்கில் காரை ஏற்றிக் கொண்டுபோக வாடகை உண்டு. ஆகவே ஆண்டு சர்வீஸ், பிரேக், டயர், ரீகால் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடிக்கும்படி தேதி குறிப்பார்கள். தயாரிப்பாளர் கடையைக் கட்டினாலும் இதே கதைதான். 2016இல் இந்தியாவில் மஸ்டாங்கை விற்கத் தொடங்கிய ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடர்கிறது. ஆனால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் பொறுமை உரிமையாளரின் தகுதிகளில் ஒன்றாகிவிட்டது.

நின்ற காரின் நோய்கள்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதியின் பழைய வீடுகள் திண்ணையோடு தெருவைத் தொட்டு நிற்பவை. நீளம் அதிகம், அகலம் குறைவு, கார் ஷெட் கிடையாது. தெருவில் நிறுத்தி உறை போட்ட கார், வைகுண்ட ஏகாதசிக்கும் சித்திரைத் தேருக்கும் இடம் மாறியாக வேண்டும். ஆங்கிலேயர் எழுதிவைத்த குறிப்புகளில் ஸ்ரீரங்கத்துக் 'கார்' என்றால் அது தேர்தான். இன்றும் வழி விடவேண்டியது எந்தக் கார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஓடாத காரில் முதலில் போவது பேட்டரி. பூட்டிய நிலையிலும் அலாரமும் கணினிகளும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். 12.6 வோல்ட் காட்டவேண்டிய பேட்டரி 12.4க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் அதன் ஆயுள் சுருங்கும். சுவரில் செருகிவிட்டுப் போகும் சிறிய சார்ஜர் ஒன்று போதும். இரண்டாவது எலி. வயலும் வாழைத்தோப்பும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும் ஊரில், சூடாறிய இன்ஜின் அறை எலிக்கு நல்ல குடியிருப்பு. ஒரு சென்சர் ஒயரைக் கடித்தாலும் கார் நகராது. பானட்டுக்குள் புகையிலை வைப்பது ஊர் வைத்தியம். கம்பி வலை அடிப்பது கொஞ்சம் உறுதியானது. மூன்றாவது பெட்ரோல்: 2023 முதல் பரவிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய காரின் ரப்பர் குழாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

பிரேக் ஆயிலும் ஈரம் குடிக்கும் சாதிதான். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். காற்றிலிருந்து ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கலாம். அப்போது வேகத்தில் அழுத்திப் பிடித்தால், குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகி மிதி 'சொத்'தென்று உள்ளே போகும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். ஹைட்ராலிக் பிரேக்கில் திருச்சிக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பங்கு உண்டு: முட்டுக்கட்டை போட்டு நிறுத்திய திருவாரூர் ஆழித்தேருக்கு அந்த பிரேக்கைப் பொருத்திக் கொடுத்தது திருச்சி பெல்.

இன்ஜின் ஆயிலுக்கும் இதே கணக்கு. ஆண்டில் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கார், சத்திரம் பேருந்து நிலைய நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துவிட்டு அணைந்துவிட்டால், உள்ளே சேரும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலோடு கலந்தே கிடக்கும். ஆயில் முழுதாகச் சூடேறும்வரை ஓடினால்தான் அவை வெளியேறும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் ஞாயிறு விடியலில் சமயபுரம் டோல்கேட் தாண்டி, சிறுகனூர், பாடாலூர் வரை ஒருமுறை போய் வருகிறார்கள். நான்குவழி தேசிய நெடுஞ்சாலையில் மத்திய அரசு 2018இல் கார்களுக்கு வைத்த உச்சவரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். காரின் பாதித் திறமைக்குக்கூட அது போதாது, ஆயிலுக்குப் போதும்.

டயரின் ரப்பரும் நின்றே முதிரும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளத்தாலும் ஆறேழு ஆண்டு தாண்டிய டயரில் வேகம் போவது அறிவல்ல.

சாலையின் தொல்லை தனி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு மெல்ல ஏறி இறங்கவேண்டும். தெருவாசிகள் சிமென்டைக் கொட்டிப் போட்ட திடீர் மேட்டுக்கு அளவு ஏது? குறுக்காகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவதே வழி. அப்படியும் 'அடி தட்டும்'. காவிரியின் மேல் 1976இல் கட்டிய பாலத்தின் இணைப்புகள் நைந்து, 2022 செப்டம்பரிலிருந்து 2023 மார்ச் வரை மூடிப் பழுது பார்த்தார்கள். அதற்கு முன் மெல்லிய பக்கச்சுவர் டயரோடு அந்த இணைப்புகளைக் கடந்தவர்கள் ரிம் நெளிவுக்குக் காசு கட்டினார்கள்.

உள்ளூர் ஷெட்டில் செய்யக்கூடிய வேலையும் உண்டு. சாதாரண ஜாக்கி இவ்வகைக் காரின் அடியில் நுழையாது. முதலில் நான்கு பலகைத் துண்டுகளைத் தரையில் போட்டு, காரை அதன்மேல் மெல்ல ஏற்றி, கிடைத்த அந்த இரண்டு அங்குலத்தில் ஜாக்கியைத் தள்ளி, கம்பெனி குறித்த இடத்தில் ரப்பர் கட்டை வைத்துத் தூக்கவேண்டும். இடம் தவறினால் அடித்தகடு மடங்கும். நிதானமான கை உள்ள மெக்கானிக் கிடைத்தால் ஆயில், பேடு, பேட்டரி, ஏசி வேலைகள் இங்கேயே முடியும். பில்லை மட்டும் பத்திரப்படுத்த வேண்டும். விற்கும்போது தேதி போட்ட சர்வீஸ் சீட்டும், ரீகால் முடித்ததற்கான தாளும் பெயின்ட் பளபளப்பைவிட நல்ல விலை பெற்றுத்தரும்.

பழைய ஹெரால்டுகளுக்கு இப்போது சட்டத்தில் தனி இடம். 2021 ஜூலையில் அறிவித்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வாகனத்தை 'வி.ஏ.' எழுத்துகளோடு விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் தெருவில் எடுக்கலாம்.