ஒன்றுகூடிய கைகள்: நம் வட்டார நலவாழ்வின் வரலாறு

நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கல்வி பற்றிய கட்டுரை. நானோ நலவாழ்வைப் பற்றி எழுதப் புகுந்துள்ளேன். நோயுற்ற பிள்ளை பள்ளிக்கு வாராது; வந்தாலும் பாடம் மனத்தில் ஏறாது. நெடுநாள் ஆசிரியப் பணியில் நான் கண்ட உண்மை இது. ஆதலின் இதுவும் கல்வியைப் பற்றிய கட்டுரையே எனக் கொள்க.

கோவளம் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருபவை கடற்கரையும், தர்காவும், கார்மேல் மாதா கோவிலும் ஆகும். இங்கு வாழும் நமக்கோ முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர். மணற்பாங்கான கடலோர நிலத்தில் நன்னீர் மேலாகவே நிற்கும். அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் ஏறிவிடும். அருகில் கழிவு தேங்கினால் அதுவும் விரைவில் கிணற்றைச் சேரும். எனவே நல்ல நீர் யாருக்கு உரியது என்பதே இவ்வட்டாரத்து நலவாழ்வின் முதற் கேள்வியாயிற்று.

மனையும் நிலமும்

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர், நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அரைவயிற்று உணவு, கந்தல் உடை, தொழுநோய் முதலிய கொடிய பிணிகள், மனிதர் வாழத் தகாத குடிசைகள் ஆகியவற்றை அவர் மறைக்காது எழுதினார். அவற்றுக்கு அவர் நாடிய தீர்வு மருந்து அன்று. குடியிருக்கும் மனை, உழுதுண்ண நிலம், பிள்ளைகட்குப் பள்ளி ஆகியவையே. செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சபைப் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ போன்றோரும் இக்குறைகளை அரசின் செவிக்கு எட்டச் செய்தனர். இதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையின் வழி வழங்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள் எனப் பெயர் பெற்றன. அவற்றுள் மிகப் பல பின்னர்ப் பிறர் கைக்கு மாறிய கதையை நம் முதியோர் நன்கு அறிவர்.

கிணறும் வழியும்

1920ஆம் ஆண்டையொட்டிச் சென்னை அரசு தொழிலாளர் ஆணையர் என்னும் பதவியை ஏற்படுத்தி, நம் மக்களுக்கு வீட்டுமனை, கிணறு, பள்ளி ஆகியவற்றை அமைக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அதே 1920இல், பரங்கிமலையில் 1883ஆம் ஆண்டு பிறந்தவரும் ஆசிரியத் தொழில் புரிந்தவருமாகிய எம். சி. ராஜா அவர்கள் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசன் அவர்களோ, பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகிய யாவும் எல்லோருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். 1925இல் அது அரசிதழில் வெளியாயிற்று.

ஆனால் அரசிதழில் அச்சான உரிமை கிணற்றடிக்கு வந்து சேரவில்லை. நான் பிறந்த சிற்றூரில், யாரேனும் இறைத்து ஊற்றும் வரை என் தாயார் குடத்துடன் எட்டி நின்ற காட்சியைச் சிறுவனாக நான் கண்டிருக்கிறேன். தீர்மானம் வெளியாகி ஐம்பதாண்டு கழிந்த காலம் அது! உள்ளாட்சி மன்றங்களின் சுகாதாரக் கடமைகளை வகுத்துரைத்த 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், அத்தகைய சட்டங்களுள் இந்தியாவிலேயே முதலாவது. அதுவும் ஏட்டில் இருந்தது. குடமும் எட்டியே நின்றது. சட்டம் ஒரு கை. அதனைச் செயற்படுத்தும் கைகள் பிற.

வீட்டிலேயே வைத்தியம்

கைகள் கூடினால் நிகழ்வது என்ன என்பதற்குக் காசநோய் சான்று பகரும். 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. ஆயினும் படுக்கைகள் சில, நோயாளிகள் பலர். இந்நிலையில் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கின. நெருக்கடியான எளிய வீட்டில் இருந்தபடியே ஓராண்டு மருந்துண்ட ஏழை நோயாளியும், மருத்துவமனையில் படுத்திருந்தவரைப் போலவே குணமடைந்தார் என 1959இல் அம்மையம் வெளியிட்ட முடிவு உலகின் மருத்துவ முறையையே மாற்றிற்று. ஏழையின் வீடு நோய் தீர்க்கத் தகாத இடம் என்னும் எண்ணம் தகர்ந்தது. தடையாய் நின்றது வீடன்று, மருந்து வீடு வந்து சேராமையே.

ஊரார் பங்கு

வி.எச்.எஸ். என்று யாவரும் அழைக்கும் அமைப்பை 1958இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தோற்றுவித்தார். அவ்வமைப்பு பரங்கிமலை ஒன்றியத்துச் சிற்றூர்களில் சிறு நலவாழ்வு நிலையங்களை அமைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒரு நிலையம். குறித்த நேரத்தில் வந்து செல்லும் மருத்துவர். ஆண், பெண் நலப்பணியாளர். ஊரிலிருந்தே தேர்ந்து பயிற்சி தரப்பெற்ற முதலுதவியாளர். வருவாய்க்கேற்ப ஒவ்வொரு குடும்பமும் சிறு தொகை செலுத்தும். செலவை மைய அரசும், மாநில அரசும், தொண்டு நிறுவனமும் பகிர்ந்துகொண்டன. 1978இல் அல்மா அட்டா நகரில் கூடிய உலக மாநாடு மக்களின் பங்கேற்பை வலியுறுத்து முன்னரே, நம் அண்டை ஊர்கள் அதனைச் செய்து காட்டத் தொடங்கிவிட்டன.

வருகைப் பதிவேடு சொன்னது

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில், மழைக்காலத்தில் ஒரு வாரம் பிள்ளைகள் பலர் வரவில்லை. பதிவேட்டைப் புரட்டினேன். வாராதோர் பெரும்பாலும் ஒரே தெருவினர், நம் தெருவினர். யாவருக்கும் வயிற்றுப்போக்கு. கிராமச் செவிலியரிடம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இருந்தது. குழாய் அவர் பொறுப்பில் இல்லை. சுகாதார ஆய்வாளரிடம் குளோரின் இருந்தது. சாக்கடைக்குள் உடைந்து கிடந்த குழாயைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. ஊராட்சியோ மனு வரட்டும் என்றது. ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்தனர். பிள்ளைகள் நோயில் கிடந்தனர்.

பள்ளி வேப்பமரத்தடியில் அனைவரையும் அமரச் செய்தோம். அத்தெருவின் தாய்மார் இருவரையும் உடன் அமர்த்தினோம். குழாய் எவ்விடத்தில் உடைந்தது, எத்தனை நாளாயிற்று என்பதை அவர்களே கூறினர். மூன்றாம் நாள் குழாய் மாற்றப்பட்டது. பல அலுவலகக் கடிதங்கள் செய்யாததை ஒரு மாலைப்பொழுது செய்தது.

முடிவாக

அலுவலகங்கள் ஒன்றுகூடினால் மட்டும் போதாது. அக்கூட்டத்தில் நம் தெருவுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். 2021ஆம் ஆண்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தமிழகத்தில் தொடங்கி வீடுதோறும் மருந்து வழங்கலாயிற்று. அதே ஆண்டில் கோவளம் கடற்கரை தூய்மைக்கும் பாதுகாப்புக்குமான நீலக்கொடிச் சான்றினைப் பெற்றது. பெருமையே! விருந்தினர் உலவும் மணலுக்குக் கிட்டிய அக்கவனம், நம் பிள்ளைகள் நீரருந்தும் குழாய்க்கும் கிட்டுதல் வேண்டும். கிராமசபைக்குத் தவறாது செல்வோம்; கழகத்தில் பயின்ற இளைஞர் மனு எழுதும் கையாகவும், தாய்மார் உண்மை உரைக்கும் நாவாகவும் விளங்கட்டும். என் தாயார் எட்டி நின்ற அந்தக் கிணற்றடியில் இனி எவரும் எட்டி நில்லாதிருக்க இதுவே வழி.

வாழ்க நம் கழகம்! வளர்க அதன் தொண்டு!